ஒற்றைப் பையும் நாற்பத்துநான்கு நாளும்

மலாக்காவில், காஜா பெராங் வட்டாரத்தில், சேதுராமனைத் தெரியாதவர்களுக்குக்கூட அவருடைய பையைத் தெரிந்திருந்தது. காக்கி நிறக் கித்தான் பை. ஒரு தலையணைக்கு மேல் பெரிதில்லை. விடுமுறைக் காலத்தில் பஸ் நிற்குமிடத்தில் மற்றக் குடும்பங்கள் தகரப்பெட்டி, பாய்ச்சுருள், கூஜா, முறுக்கு டின் என்று ஒரு குட்டி வீட்டையே இறக்கிவைத்துக்கொண்டு வியர்த்து வழியும். அவர் மட்டும் அந்தப் பையை இரண்டு விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு நிற்பார். வெள்ளைச் சட்டை, வெள்ளை டிரில் கால்சட்டை, கத்தியால் கீறியது போன்ற மடிப்பு.

"ஒரு வாரத்துக்கு இவ்வளவுதானா, கிராணி ஐயா?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் பத்து நிமிடம் முன்னதாக வந்து நிற்பவர்.

"மனுசனுக்கு வேற என்னா வேணும்? போட்டிருக்கிறது ஒண்ணு, மாத்துக்கு ஒண்ணு. பாரத்தைக் குறைச்சாத்தான் அது பயணம்."

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். கழற்றிப்போட்ட துணி மறுநாள் காலையில் கஞ்சி மொடமொடப்போடு எப்படித் திரும்பி வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், மூன்றடி பின்னால் நின்ற கமலவேணியின் கைகளைப் பார்த்திருப்பார்கள். சோடா உப்பில் வெந்து, விரல் இடுக்குகளில் வெடித்த கைகள். நோகாமல் நுங்கு தின்கிறவர் என்று சிலரைச் சொல்வார்களே, அந்த ரகம் அவர். துணிக்குப் பதிலாகப் பெண்டாட்டியைக் கொண்டுபோனார்.

கமலவேணி குருபோங்குக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தாய் பால்மரம் வெட்டப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்ததால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பதினெட்டு வயதில், யுத்தம் முடிந்த மறுவருடம், மலாக்கா டவுனில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த சேதுராமனுக்கு அவளைக் கொடுத்தார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டாள். கதவோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் திறக்காதவர்களுக்குக் கண் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்கும் போலும்.

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவள் பல ஊர் பார்த்தவள் என்று அக்கம்பக்கத்தில் பொறாமைப்பட்டார்கள். அவள் பார்த்தது அந்தந்த ஊர்த் தண்ணீரைத்தான். ஈப்போ என்றால் சுண்ணாம்புத் தண்ணீர். எவ்வளவு தேய்த்தாலும் சவுக்காரம் நுரைக்காது. சிங்கப்பூர் என்றால் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியும், கீழே போகிறவன் தலையில் சொட்டினால் கிடைக்கும் திட்டும். பினாங்கு மலையை, காயப்போட்ட இரண்டு சட்டைக்கு நடுவே இருந்த இடைவெளியில் பார்த்திருக்கிறாள்.

கோலாலம்பூர் வேறு கதை. 1949 தைப்பூசத்துக்குப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், சேதுராமனின் அண்ணன் ராஜரத்தினத்தின் வீடு. கமலவேணிக்கு அப்போது நாலு மாதம். பத்துமலைச் சேறு அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால்வரை அப்பியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. தெருக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கிவந்தாள்.

"விடு வேணி, நான் அலசிப் போடுறேன்" என்றாள் அண்ணன் மனைவி சாரதாம்பாள்.

"வேண்டாம் அண்ணி, அவ துவைச்சாத்தான் எனக்குச் சரிப்படும்" என்று கூடத்திலிருந்து சேதுராமனின் குரல் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், குழாயடியிலேயே, கரு கலைந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். திரும்பி வந்த மறுநாள் காலையில் சேதுராமன் தம் சட்டையைக் கொண்டுவந்து வாளியில் போட்டார். "நாளைக்கு வண்டி ஏறணும். மாத்து இல்ல" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்பவர்போல் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணத்தைத்தான் அவளால் எட்டு வருடமாக விழுங்கமுடியவில்லை. அன்றைக்கு அவள் துவைத்தாள். அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவுமில்லை. 'பிள்ளையில்லாத வீடு, ஒரு பை போதும்தானே' என்று காஜா பெராங்கில் பேசிக்கொண்டார்கள்.

1957 பிறந்தது. ஊர் முழுக்க மெர்டேக்கா, சுதந்திரம், என்கிற சொல்தான். மலாய்தான் தேசிய மொழி ஆகப்போகிறது, கிராணிமார் எல்லோரும் கற்றுக்கொள்ளவேண்டும் என்று பேச்சு அடிபட்டதும், சேதுராமன் தடித்த அகராதி ஒன்றை வாங்கிவந்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வகுப்புக்குப் போக ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டில் பாக்கியம் இருந்தாள். மலாக்கா சிட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வணிகர் வழி. கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவாள், நெற்றியில் திருநீறு பூசுவாள், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவளோடு வேலிக்கு மேலாகப் பேசிப் பேசியே கமலவேணிக்கு மலாய் வந்திருந்தது. மூத்தவள் என்பதால் அவளைக் 'காக்கா', அக்கா, என்று கூப்பிடுவாள். பாக்கியம் அவளை 'அடேக்', தங்கச்சி, என்பாள்.

"சிட்டிங்க பேசுறதெல்லாம் ஒரு மலாயா? பாசார்ல மீன் வாங்கத்தான் ஆகும்" என்பார் சேதுராமன், அகராதியைத் தட்டிக்கொண்டே.

ஆகஸ்ட் மாதம் போர்ட் டிக்சனில், அரசாங்க ஊழியர்களுக்கான கடற்கரை பங்களா ஒன்றில் நாலு நாள் தங்க அவருக்கு இடம் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று கமலவேணி பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

"என்னங்க, இந்தத் தடவை இன்னொரு பை எடுத்துக்குவோமா? நாலு நாளைக்கு நாலு மாத்து. நானே தூக்கிக்கிறேன்."

"எதுக்கு?"

"ஒரு தடவையாவது தொவைக்காம இருந்து பாக்கலாம்னு."

அவர் சிரித்தார். "ஏன், அங்க தண்ணிக்கா பஞ்சம்? கடலே இருக்கு!"

அவள் கேட்டது அவ்வளவுதான்: நாலே நாள், அடுத்தவர் அழுக்கில் கை வைக்காத நாலு நாள். அதற்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு.

பிறகு அவர் பங்களாக் காவலருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, எழுதி முடித்து உரக்கப் படித்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கமலவேணியின் காதில், "இஸ்தெரி சாயா ஆக்கான் பெர்சாலின் டி சானா" என்று ஒரு வரி விழுந்தது. முறம் நின்றது.

"என்னங்க... பெர்சாலின்னா?"

"துணி மாத்துறது. 'என் மனைவி அங்கே வந்துதான் உடை மாற்றுவாள்.' அதனால சுடுதண்ணி, கயிறு, பழந்துணி, ஒரு தனி ரூம் தயார் பண்ணி வைக்கணும்னு எழுதியிருக்கேன். துவைக்கிறதுக்கும் இஸ்திரி போடுறதுக்கும் உனக்குத்தான் எல்லாம்."

"இல்லங்க, பாக்கியம் காக்கா அந்த வார்த்தைய வேற..."

"அகராதியில இருக்கு. சாலின், மாற்று. மாத்துறதுக்குத் 'துக்கார்', தொவைக்கிறதுக்குப் 'பாசோ'ன்னு மீன்கடை வார்த்தையெல்லாம் கடுதாசியில எழுத முடியுமா?" அவர் சுவரைப் பார்த்து, அங்கே யாரோ ரசிகர்கள் உட்கார்ந்திருப்பதுபோல், சொன்னார்: "பாத்தீங்களா, மூணாங்கிளாஸு எனக்கு மலாய் சொல்லிக்குடுக்குது! போடி, போய்த் தபால்ல போட்டுட்டு வா."

கடிதத்தோடு அவள் முதலில் போனது பக்கத்து வீட்டுக்கு. பாக்கியம் அந்த வரியைக் கேட்டுவிட்டு, கெபாயா ஊசி தெறித்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"உடை மாற்றுவதற்கும் அந்தச் சொல் உண்டுதான், அடேக். ஆனால் 'என் மனைவி பெர்சாலின்' என்று எழுதினால், குழந்தைகூடச் சொல்லும், பிள்ளை பெறப்போகிறாள் என்று! சுடுதண்ணீர் வேறு, கயிறு வேறு, பழந்துணி வேறு! அடக் கடவுளே!"

பிறகு அவள் கமலவேணியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. 1949 அவளுக்குத் தெரியும். "போய்க் கிழித்துப் போடச் சொல்" என்றாள் மெதுவாக.

கமலவேணி சிவப்புத் தபால் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் போய்ச் சொன்னால் இன்னொரு மூணாங்கிளாஸ் கிடைக்கும். தபால் பெட்டியின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. உள்ளே போட்டாள். கை தவறிப் போடவில்லை, தெரிந்தேதான் போட்டாள். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று தோன்றுகிற அளவுக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பஸ் அவர்களை பங்களா வாசலில் இறக்கிவிட்டது. காவலர் பாக் டாலி ஓடிவந்தார். பையை வாங்கவில்லை, கமலவேணியின் முழங்கையைத்தான் தாங்கப் போனார். "மெதுவாக, மெதுவாக" என்றார். பின்கட்டு அறையில் பாய் விரித்திருந்தது. அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் தளதளத்தது. மடித்த பழந்துணி ஓர் அடுக்கு. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு, வலி எடுக்கும்போது பிடித்துக்கொள்ள முடிச்சுப் போட்டு, இடுப்பு உயரத்தில் தொங்கியது.

"துணி காயப்போடற கயிறு ஏன் நட்டுக்குத்தா தொங்குது?" என்று சேதுராமன் தமிழில் முணுமுணுத்தார்.

பாக் டாலியின் மனைவி மாக் ஜாரா வந்தாள். கம்பம் என்று சொல்லும் அந்த மலாய்க் கிராமத்தில் பாதிப் பேரைப் பிடித்து வெளியே எடுத்த மருத்துவச்சி அவள். ஆண்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கமலவேணியைப் படுக்கவைத்து வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். இரண்டு மூச்சு விடுகிற நேரம். கையை எடுத்தாள்.

"இங்கே ஒன்றும் இல்லையே, மகளே."

நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள், முன்பின் தெரியாத அந்தக் கிழவியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அகராதி, ஒற்றைப் பை, ஈப்போத் தண்ணீர். கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் குழாயடி. மாக் ஜாரா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதற்கப்புறம் எத்தனை நாள் பந்தாங் இருந்தாய்?"

பந்தாங் என்றால் என்னவென்று கமலவேணிக்குத் தெரியும். பாக்கியம் வீட்டில் பார்த்திருக்கிறாள். பிள்ளை பெற்றாலும் இழந்தாலும் நாற்பத்துநான்கு நாள் பச்சைத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

"ஒரு நாளும் இல்லை. மறுநாளே துவைத்தேன்."

மாக் ஜாரா எழுந்து, ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைக் காறித் துப்பினாள். அந்த வேகத்தில் முற்றத்துக் கோழி ஒன்று பதறி ஓடியது. பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கமலவேணி கதவிடுக்கில் பார்த்தாள்.

"குழந்தை இல்லை. போய்விட்டது" என்றாள் மாக் ஜாரா சேதுராமனிடம். "அவள் உடம்பைப் பார்க்கவேண்டும். இன்றிலிருந்து நாற்பத்துநான்கு நாள் அவள் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்த வருடம் போயிற்று என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

சேதுராமன் வாயைத் திறந்தபடி நின்றார். பானை, கயிறு, பழந்துணி எல்லாம் அப்போதுதான் அவர் மண்டையில் ஒன்றோடொன்று சேர்ந்தன. காது சிவந்தது. பாக் டாலி அவர் தோளில் கை வைத்தார்.

"மனதைத் தளரவிடாதீர்கள், எஞ்சே. உங்கள் கடிதத்தை இந்தக் கம்பத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒரு தமிழர் எவ்வளவு அழகாக மலாய் எழுதுகிறார்! இப்படி ஆகிவிட்டதே."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தப்பான சொல்லை எழுதிவிட்டேன் என்று. கமலவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சேதுராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிமா காசே" என்றார். நன்றி. கூடவே ஒரு பெருமூச்சு.

அதைப் பார்த்ததும் கமலவேணிக்கு உச்சந்தலைவரை சூடேறியது. எட்டு வருடத்துக்கு முன் உண்மையிலேயே போன பிள்ளைக்கு விடாத பெருமூச்சை, இல்லாத பிள்ளைக்கு விடுகிறார்! ஒரு சொல் தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட, ஒரு பிள்ளையைப் புதைத்துவிடுவது இந்த மனிதருக்குச் சுலபமாக இருக்கிறது.

அறைக்குள் வந்ததும் பல்லைக் கடித்தார். "என்னடி நாடகம் இது?"

"நீங்க எழுதினதுதான்."

"நாளைக்குக் காலையில உண்மையைச் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க."

சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் பின்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தம் சட்டையைத் தாமே துவைத்தார். சவுக்காரத்தைத் தண்ணீரில் நழுவவிட்டார். நீலம் கலக்கத் தெரியாமல் கட்டியை அப்படியே தேய்த்ததில், முதுகில் தீவு தீவாக நீலத் திட்டு விழுந்தது. பாக் டாலி வேலியோரம் நின்று, "நல்ல புருஷன்" என்று தலையாட்டினார். அந்தப் பாராட்டைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சேதுராமன் சட்டையை முறுக்கினார்.

கமலவேணி முன்பக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கடல் இருந்தது. மாக் ஜாரா கொண்டுவந்து வைத்த இஞ்சித் தண்ணீர் இருந்தது. கேட்ட நாலு நாளும் கிடைத்தேவிட்டது. ஆனால் மனம் குளிரவில்லை. கோபம் இத்தனை பெரிதாக உள்ளே கிடந்தது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. துவைத்துக்கொண்டிருந்தவரை அது கல்லில் அடிபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது போலும். கை சும்மா இருந்ததும் அது எழுந்து நின்றுகொண்டது. இத்தனை நாள் ஒருவராவது கேட்டார்களா? ஒருவராவது?

காஜா பெராங்குக்குத் திரும்பிய அன்றே சேதுராமன் அழுக்குத் துணியை அவள் முன்னால் போட்டார். "கூத்து முடிஞ்சது. எடு."

"இன்னைக்கு அஞ்சாவது நாள்" என்றாள் கமலவேணி. எடுக்கவில்லை.

கத்திப் பார்த்தார். ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். வெளியே யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அகராதிக் கதையும் சேர்ந்து வெளியே வரும். கடைசியில் துணியை மூட்டையாகக் கட்டி, சைக்கிளில் வைத்து, தெங்கேராவில் இருந்த டோபிக் கடைக்குத் தாமே கொண்டுபோனார்.

"என்ன கிராணி ஐயா, இப்ப நீங்களும் மூட்டை தூக்குறீங்க?" என்று எதிர்வீட்டு மல்லிகா வாசலிலிருந்து கேட்டாள்.

"அவளுக்கு உடம்பு சரியில்லம்மா."

மெர்டேக்காவுக்கு ஒரு வாரம் முன்னால் படிப்பகத்தில் கூட்டம் போட்டார்கள். அடக்கமான மனிதராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். ஊருக்குத்தானே உபதேசம்! சேதுராமன் மேடையேறினார்.

"வெள்ளைக்காரனே பெட்டியைக் கட்டிட்டான். நாம இன்னும் பெட்டி தூக்கிக்கிட்டு அலையணுமா?" சிரிப்பும் கைதட்டலும். "சுதந்திர மனுசனுக்கு எதுக்குச் சுமை? முப்பதாந்தேதி நானும் என் மனைவியும் கோலாலம்பூர் போறோம். ஆறு நாள். ஒரே பை! எல்லாரும் இப்படிப் பழகணும்."

ஆண்கள் திரும்பித் தத்தம் மனைவிமாரைப் பார்த்தார்கள். பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகா கமலவேணியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"உன் புருசனால இனிமே எங்க வீட்டுலயும் ஒரே பைதான். நாங்களும் போற இடமெல்லாம் தொவைச்சுச் சாகணும். நல்லா இருப்பியாடி நீ?"

கமலவேணி கிள்ளிய இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். தொடை எரிந்தது. செய்ததும் அவள், சபிக்கப்படுவதும் அவள்; மாலை மட்டும் அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அண்ணன் வீட்டுல போய் நாள்கணக்குப் பேசி மானத்தை வாங்காத. ஒழுங்கா துவைச்சுக் குடு. பழகின இடந்தானே, குழாய் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல."

குழாய் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

முப்பதாம் தேதி காலையில் வழக்கம்போல் பையைக் கட்டியது அவள்தான். அவர் ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லை. விரலில் மாட்டிக் கனம் பார்ப்பதோடு சரி. அன்றைக்கும் பார்த்தார். "சபாஷ், எப்பவும் இருக்கிறதவிட லேசா இருக்கே" என்றார். தம்பினில் ரயில் ஏறி, கரிப்புகையும் கூட்டமும் இடித்து, மழை நசநசப்பில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது.

மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. தெருவில் ஜனங்கள் குடையும் பிள்ளைகளுமாகப் மெர்டேக்கா விழா நடக்கப்போகிற புது அரங்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். சாரதாம்பாள் பட்டுப்புடைவை கட்டித் தயாராக நின்றாள். ராஜரத்தினம் கண்ணாடி முன்னால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கமலவேணி தலை வாரி முடித்திருந்தாள்.

"வேணி, மாத்து எடு" என்றார் சேதுராமன் துண்டோடு.

"பையில பாருங்க."

அவர் குனிந்து பையைத் திறந்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. உள்ளே இரண்டு சேலை, மூன்று ரவிக்கை, உள்பாவாடைகள், ஒரு சீப்பு, மாக் ஜாரா கொடுத்த இஞ்சித் தைலப் புட்டி. கையை விட்டு அடிவரை துழாவினார்.

"என் துணி எங்கடி?"

"ஒரே பைதான்னு மேடையில சொன்னீங்க. என்னுதுலயே நெறஞ்சிடுச்சு."

கண்ணாடி முன்னால் நின்ற ராஜரத்தினம், விளையாட்டு என்று நினைத்து, கடகடவென்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் சேதுராமனுக்குத் தாங்கவில்லை. கொடியில் கிடந்த அழுக்குச் சட்டையை உருவி அவள் காலடியில் வீசினார்.

"இப்பவே அலசு. இஸ்திரிப் பெட்டி வெச்சே காயவெச்சுடலாம். சீக்கிரம்!"

அவள் குனியவில்லை. "தண்ணியில கை வைக்கக்கூடாது. இன்னைக்கு இருபத்துமூணாவது நாள்."

"என்னடி இருபத்துமூணு? யாருக்குப் பிரசவம்? எந்தப் பிள்ளை?"

வீடே கேட்கும்படி கத்தினார். தகரக் கூரையில் மழை அடித்தது. கமலவேணியின் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் உயர்ந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"இந்த வீட்டுல போன பிள்ளை. பின்னால, குழாயடியில. நாப்பத்தொம்பது தைப்பூசத்துக்கு. அக்காவுக்குத் தெரியும், கேளுங்க."

"தெரியும்" என்றாள் சாரதாம்பாள். ராஜரத்தினத்தின் கை மீசையில் நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே சட்டையைக் கொண்டாந்து வாளியில போட்டீங்க. மாத்து இல்லன்னீங்க. நான் தொவைச்சேன். அன்னைக்குக் குடுக்காத நாப்பத்துநாலு நாளைத்தான் இப்ப எடுத்துக்கிறேன். உங்களைக் கேக்கலை. எடுத்துக்கிறேன்."

சேதுராமன் அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, உங்க சட்டை ஒண்ணு..." ராஜரத்தினம் அவரைப்போல் இரண்டு பங்கு பருமன், அந்தச் சட்டையில் சேதுராமனோடு இன்னொரு ஆளும் நுழையலாம். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமலவேணி தரையில் கிடந்த சட்டையைத் தாண்டிப் போனாள். மிதிக்கவில்லை, தொடவுமில்லை. வாசலில் சாரதாம்பாள் குடையை விரித்தாள். இருவரும் ஒரு குடைக்குள் ஒண்டிக்கொண்டு கூட்டத்தில் இறங்கினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் சாரதாம்பாள் கேட்டாள்: "இப்பவாவது மனசு ஆறிச்சா, வேணி?"

"இல்லக்கா."

பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. இன்னும் உள்ளே தகதகவென்றுதான் இருந்தது. மழைத் தண்ணீர் குடை விளிம்பிலிருந்து வழிந்து கையில் படப் பார்த்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது.